கதவு மேலே திறப்பது ஸ்டைலுக்காகவா? கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்களின் எடை கணக்கு!

பறவை சிறகை விரித்த மாதிரி இரண்டு கதவுகளும் மேலே திறக்கும் அந்தப் பழைய பென்ஸ் காரை ரீல்ஸில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். செம ஸ்டைல்தான். ஆனால் அந்தக் கதவு ஸ்டைலுக்காக வைக்கப்பட்டது கிடையாது. எடையைக் குறைக்கப் போய், வேறு வழியில்லாமல் வந்தது!

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் நாம் ரசிக்கும் பல விஷயங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கிலோ கணக்கு இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையும் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

எடை ஏன் முக்கியம்?

பெரிய இன்ஜின் வைத்தால் கார் நேர் ரோட்டில் வேகமாகப் போகும். எடையைக் குறைத்தால் வேகம் எடுப்பது, பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது என எல்லாமே சுலபமாகிவிடும்.

ஒரே வேகத்தில் போகும் 1,400 கிலோ காரை நிறுத்த, 700 கிலோ காரைவிட பிரேக் இரண்டு மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும். கார் இலகுவாக இருந்தால் சின்ன பிரேக், சின்ன இன்ஜின், மெல்லிய டயர் போதும். அதனால் எடை இன்னும் குறையும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று தானாகக் குறையும்.

மேலே திறக்கும் கதவின் கதை

1952-ல் மெர்சிடிஸ் பென்ஸ், 300 எஸ்எல் ரேஸ் காரை உருவாக்கியது. கையில் இருந்ததோ பெரிய செடான் காருக்காகச் செய்த கனமான 3 லிட்டர் இன்ஜின். அதை ஈடுகட்ட, பொறியாளர் ருடால்ஃப் உலென்ஹவுட் மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து ஒரு பிரேம் அமைத்தார். அதன் எடை சுமார் 50 கிலோதான்!

ஆனால் உறுதி வேண்டுமென்றால் பக்கவாட்டிலும் குழாய்கள் உயரமாக வர வேண்டும். வழக்கமான கதவுக்கு இடமே இல்லை. அதனால் கதவைக் கூரையில் மாட்டிவிட்டார்கள். 1954-ல் வந்த சாலை மாடலிலும் அதே கதைதான். ஏறி இறங்க வசதியாக ஸ்டீயரிங்கை மடக்கும் வசதி கொடுத்தார்கள். கண்ணாடியை இறக்க முடியாது, கழற்றித்தான் வைக்க வேண்டும்.

தீயணைப்பு பம்ப் இன்ஜினில் ஓடிய கார்

பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மேன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1957-ல் அறிமுகமான லோட்டஸ் எலீட்டில் தனி சேஸிஸே கிடையாது. ஃபைபர் கிளாஸ் பாடிதான் மொத்த பாரத்தையும் தாங்கும். எடை சுமார் 500 கிலோ.

இன்ஜின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆட்கள் தூக்கிக்கொண்டு போகும் தீயணைப்பு பம்புக்காக கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் செய்த இன்ஜின் குடும்பத்தில் இருந்து! பம்புக்கு எடை குறைவாக இருக்க வேண்டும், காருக்கும் அதேதான்.

ஆனால் சத்தமும் அதிர்வும் அப்படியே காருக்குள் வந்தன. அதனால் 1962-ல் வந்த எலானில், நடுவில் முதுகெலும்பு போல ஒரு ஸ்டீல் சேஸிஸ் வைத்தார் சாப்மேன். 1989-ல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு முன்மாதிரியே இந்த எலான்தான்.

கதவு கைப்பிடிக்குப் பதில் துணிப் பட்டை

1972-ல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் இலகு மாடலில் கழற்றாத பொருளே இல்லை எனலாம்.

• பின் சீட், கடிகாரம்: இல்லை
• உள்பக்க கதவு கைப்பிடி: அதற்குப் பதில் துணிப் பட்டை
• முன்பக்க உலோக லோகோ: அதற்குப் பதில் ஸ்டிக்கர்
• பாடி தகடு, கண்ணாடி: வழக்கத்தைவிட மெல்லியது

இதனால் எடை 1,000 கிலோவுக்குக் கீழே வந்தது. வசதிகளோடு வந்த டூரிங் மாடலைவிட சுமார் 100 கிலோ குறைவு.

போர்ஷே 917 ரேஸ் காரிலோ கியர் குமிழைக்கூட பால்சா மரத்தில் செய்தார்கள்.

இதற்குக் கொடுத்த விலை

1955 ஜூன் 11. பிரான்ஸின் லெ மான் ரேஸில் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கார் ஒன்று, முன்னால் சென்ற காரில் மோதிப் பறந்தது. சிதறிய பாகங்கள் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஓட்டுநர் பியர் லெவெக் மற்றும் 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் உயிரிழந்தனர்.

எடையைக் குறைக்க அந்த காரின் பாடியை மெக்னீசியம் கலவையில் செய்திருந்தார்கள். மெக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் எரியும். அன்று அதுதான் நடந்தது.

அதன் பிறகும் எடை போட்டி நிற்கவில்லை. 917-ன் பிரேம் குழாய்களுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்தார்கள். அழுத்தம் இறங்கினால் எங்கோ வெல்டிங் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். 1971-ல் லெ மான் ரேஸை வென்ற 917-ன் பிரேமே மெக்னீசியம்தான்!

இப்போது ஏன் அப்படி செய்வதில்லை?

ஏர்பேக், கதவுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு, மோதினால் தான் நசுங்கி ஆளைக் காப்பாற்றும் முன்பகுதி என இவை எல்லாமே எடைதான். எலக்ட்ரிக் கார் என்றால் பேட்டரி எடையும் சேரும். பழைய கார்களின் அந்த இலகு, பெரும்பாலும் இவை எதுவுமே இல்லாததால் கிடைத்தது.

அதனால் அடுத்த முறை ஒரு கிளாசிக் காரைப் பார்த்து 'இந்த மாதிரி இப்போ யாரும் செய்றதில்லையே' என்று யாராவது சொன்னால், அதில் பாதிதான் உண்மை. தேவையில்லாததைக் கழற்றும் அந்த புத்தி இன்றைக்கும் வேண்டும். ஆனால் உயிரைக் காக்கும் கிலோவில் மட்டும் கை வைக்கக் கூடாது.