போர்ஃபிரி பெத்ரோவிச்சும் நிகொலாயின் வாக்குமூலமும்

போர்ஃபிரி பெத்ரோவிச் என்பவர் உருசிய எழுத்தாளர் பியோதர் தஸ்தயெவ்ஸ்கி எழுதிய குற்றமும் தண்டனையும் புதினத்தில் வரும் புலன்விசாரணை அதிகாரி ஆவார். இப்புதினம் 1866 ஆம் ஆண்டில் ஓர் உருசிய இதழில் தொடராக வெளிவந்தது. தமிழில் எம். ஏ. சுசீலா மொழிபெயர்த்துள்ளார். கொலையைச் செய்தவன் யார் என்பது வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் கதை பெரும்பாலும் ரஸ்கோல்னிகோவின் பார்வையிலேயே செல்வதால், விசாரணை அதிகாரியின் மனத்தில் இருப்பது நேரடியாகக் காட்டப்படுவதில்லை. வேறொருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது போர்ஃபிரி அதை நம்பினாரா என்ற கேள்வி இதனால் எழுகிறது.

வழக்கு

பீட்டர்ஸ்பர்க் நகரில் படிப்பைப் பாதியில் விட்ட மாணவனான ரஸ்கோல்னிகோவ், அடகு பிடிக்கும் கிழவி அல்யோனா இவானோவ்னாவையும் அவளது தங்கை லிசவேத்தாவையும் கோடரியால் கொல்கிறான். தப்பிச் செல்லும்போது, அதே கட்டடத்தில் வண்ணம் பூசிக்கொண்டிருந்த காலி வீட்டில் சிறிது நேரம் ஒளிந்துகொள்கிறான். அங்கே காதணிகள் இருந்த சிறு பெட்டி ஒன்று தவறி விழுகிறது.

அந்த வீட்டில் வேலை செய்த நிகொலாய் என்ற இளைஞன் காதணிகளைக் கண்டெடுத்து, மதுக்கடைக்காரனிடம் அடகு வைக்கிறான். பிறகு கொலைச் செய்தியைக் கேட்டு அஞ்சித் தூக்கிட்டுக்கொள்ள முயல்கிறான். காவலர்கள் அவனைக் கைது செய்கின்றனர். பின்னர் போர்ஃபிரி ரஸ்கோல்னிகோவை விசாரித்துக்கொண்டிருக்கும் வேளையில், நிகொலாய் அறைக்குள் நுழைந்து தானே கொலையாளி என்று அறிவிக்கிறான்.

வெளியே சொன்னதும் உள்ளே நினைத்ததும்

நிகொலாயின் வருகையைப் போர்ஃபிரி எதிர்பார்க்கவில்லை. தானும் நடுங்குவதாக அவரே ரஸ்கோல்னிகோவிடம் ஒப்புக்கொள்கிறார். எனினும் இது அவரது கருத்து மாறியதைக் காட்டவில்லை. நிகொலாய் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவன் சொல்வது அவனுடைய சொந்தச் சொற்கள் அல்ல என்று போர்ஃபிரி எரிச்சலுடன் முணுமுணுக்கிறார். அவரது ஐயத்தின் முதல் அடையாளம் இதுவாகும்.

ஆனால் ரஸ்கோல்னிகோவின் நண்பன் ரசூமிகினிடம் அவர் வேறு விதமாகப் பேசுகிறார். கொலை நடந்த சற்று நேரத்தில் நிகொலாய் தன் கூட்டாளியுடன் சிரித்து விளையாடியபடி ஓடியது, சந்தேகம் வராமலிருக்கச் செய்த நடிப்பு என்று விளக்குகிறார். முன்பு நிகொலாய் குற்றமற்றவன் என்று வாதாடிய ரசூமிகினும் இதை நம்பிவிடுகிறான். அவன் இதை வந்து சொல்லும்போது ரஸ்கோல்னிகோவ் திகைக்கிறான். பின்னர் போர்ஃபிரி தாமே ரஸ்கோல்னிகோவின் அறைக்கு வந்து, நிகொலாயைத் தாம் சிறிதும் நம்பவில்லை என்றும், கொலையாளி ரஸ்கோல்னிகோவே என்றும் கூறுகிறார்.

ஐயத்துக்கான காரணங்கள்

நிகொலாயை நம்பாததற்குப் போர்ஃபிரியிடம் இரண்டு முக்கியக் காரணங்கள் உள்ளன.

- வாக்குமூலத்தின் தன்மை: சில கேள்விகளுக்கு நிகொலாய் முன்பே தயார் செய்ததுபோல் தெளிவாகப் பதில் சொல்கிறான். வேறு சிலவற்றில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. தனக்குத் தெரியவில்லை என்பதையும் அவன் உணரவில்லை.
- மனநிலை: நிகொலாய் பழைய மதப்பிரிவு ஒன்றைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவன், ஊரில் ஒரு பெரியவரிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றவன். நகர வாழ்வில் அதை மறந்திருந்த அவன், சிறைக்குச் சென்றபின் துன்பத்தை ஏற்பதே புண்ணியம் என்ற எண்ணத்துக்குத் திரும்பினான் என்று போர்ஃபிரி கருதுகிறார்.

ரஸ்கோல்னிகோவைப் பற்றி அவர் கொண்ட முடிவும் இத்தகைய உளவியல் அறிகுறிகளையே சார்ந்துள்ளது. குற்றம் பற்றி ரஸ்கோல்னிகோவ் எழுதிய கட்டுரை, காவல் நிலையத்தில் மயங்கி விழுந்தது, கொலை நடந்த வீட்டுக்குத் திரும்பிச் சென்று அழைப்பு மணியை இழுத்தது ஆகியவை அவற்றுள் சில. உளவியலை இரு பக்கமும் பொருள்கொள்ளலாம் என்பதைப் போர்ஃபிரியே ஒப்புக்கொள்கிறார். ரசூமிகினிடம் அவர் நிகொலாயின் சிரிப்பைக் குற்றத்துக்குச் சான்றாக்கிக் காட்டியதே அதற்கு எடுத்துக்காட்டு ஆகும்.

சட்டப் பின்னணி

உருசியாவின் பழைய நீதிமுறையில் ஒவ்வொரு வகைச் சான்றுக்கும் மதிப்பு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தது. குற்றவாளியின் ஒப்புதலே மிக உயர்ந்த சான்றாகக் கொள்ளப்பட்டது. 1864 ஆம் ஆண்டின் நீதித்துறைச் சீர்திருத்தம் அம்முறையை மாற்றி, நடுவர் குழு விசாரணையைக் கொண்டுவந்தது. புதினத்தில் போர்ஃபிரியும் வரவிருக்கும் சீர்திருத்தத்தைக் குறிப்பிடுகிறார். பழைய முறைப்படி நிகொலாயின் ஒப்புதலைக்கொண்டே வழக்கை முடித்திருக்கலாம். அவ்வாறு முடித்திருந்தால் குற்றமற்ற ஒருவன் தண்டிக்கப்பட்டிருப்பான்.

விளைவு

ஏதோ ஒரு சிறு தடயம் கிடைத்திருப்பதாகப் போர்ஃபிரி சொன்னாலும், அது என்னவென்று வெளிப்படுத்துவதில்லை. ரஸ்கோல்னிகோவை உடனே கைது செய்யாமல், ஒன்றரை அல்லது இரண்டு நாள் அவகாசம் தருகிறார். தானாக வந்து சரணடைந்தால், தமக்கு முன்பே சந்தேகம் இருந்ததை வெளியிடாமல், தண்டனை குறைய வழி செய்வதாக வாக்களிக்கிறார். அந்த நாட்களிலும் நிகொலாய் சிறையில்தான் இருக்கிறான். இரக்கமாகத் தோன்றும் இந்த அவகாசத்தின் மறுபக்கம் இது.

ரஸ்கோல்னிகோவ் சரணடைகிறான். போர்ஃபிரி வாக்கைக் காப்பாற்றுகிறார். வேறொருவன் ஏற்கெனவே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த நிலையில், ஏறத்தாழ எவரும் சந்தேகிக்காதபோது தானே முன்வந்ததால் ரஸ்கோல்னிகோவுக்குத் தண்டனை குறைகிறது. அவனுக்குச் சைபீரியாவில் 8 ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்படுகிறது.

ஆகவே போர்ஃபிரியின் உள்மன ஐயம் ரஸ்கோல்னிகோவின் குற்றத்தைப் பற்றியது அல்ல. நிகொலாயின் ஒப்புதலைப் பற்றியது. உண்மையை அறிந்திருந்தும் அதை மெய்ப்பிக்க முடியாத நிலையில், உண்மைக் குற்றவாளியைப் பேச வைப்பதைத் தவிர அவருக்கு நல்ல வழி எதுவும் இல்லை. பிற்காலத்தில் கொலம்போ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் துப்பறிவாளர் பாத்திரத்தை உருவாக்கியோர், அதற்குப் போர்ஃபிரியை முன்மாதிரியாகக் குறிப்பிட்டுள்ளனர்.