பனிநாட்டில் கல்வியும் தொழிலும்

வட கனடாவில் இனுவிட் என்னும் பழங்குடியினர் வாழும் நுனாவுட் ஆட்சிப்பகுதி 1999 ஏப்ரல் முதல் நாள் அமைந்தது. அங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் இனுவிட் மக்களே. அரசு அலுவல்களில் தொகைக்கேற்ற பங்கு அவர்க்கு வேண்டுமென 1993-ஆம் ஆண்டின் நில உடன்படிக்கை கூறுகிறது. ஆயினும் அவ்வாட்சியின் ஊழியருள் ஏறத்தாழப் பாதிப்பேரே இனுவிட். உயர்பதவிகளில் பெரும்பாலும் தென்கனடாவினரே அமர்கின்றனர்.

இம்மக்கள் திறமற்றவரா? கடற்பனியின் உறுதியை அறிபவர். தோலாடை தைப்பதில் வல்லவர். ஆயினும் அலுவலகம் கேட்பது பள்ளிச் சான்றிதழ். பிள்ளைகளோ முதல் சில வகுப்புகளைத் தாய்மொழியிற் பயின்று, பின் ஆங்கிலத்துக்கு மாறுகின்றனர். பலர் இடையிலேயே நின்றுவிடுகின்றனர். இருபத்தைந்து ஊர்களையும் இணைக்கும் சாலை இல்லை. மேற்படிப்புக்குப் பலர் விமானமேறி வீட்டைப் பிரிய வேண்டும்.

உடன்படிக்கை நிறைவேறவில்லையென 2006-இல் இனுவிட் அமைப்பு கனடிய அரசின்மீது வழக்குத் தொடுத்தது. 2015-இல் 25 கோடியே 55 இலட்சம் டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. அதன் பெரும்பகுதி தொழிற்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது.

பொருள் கிடைத்தும் ஆசிரியர் கிடைத்திலர். எல்லா வகுப்புகளிலும் இருமொழிக் கல்வி வேண்டுமென 2008-இல் சட்டம் செய்தனர். தாய்மொழியில் கற்பிப்போர் போதாமையால், 2020-இல் அவ்விலக்கை 2039 வரை படிப்படியாகத் தள்ளிவைத்தனர். பள்ளியை முடிப்போர் சிலராதலின் ஆசிரியராவோரும் சிலர். ஆசிரியர் சிலராதலின் முடிப்போரும் சிலர். இச்சுழலை உடைக்க வேண்டுமாயின், முதலில் நிரப்பவேண்டிய பணியிடம் வகுப்பறையிலேயே உள்ளது.