கோடையும் குழந்தையின் சொல்வளமும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்றது. சத்துணவோடு 3 முதல் 6 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிப்பதும் அதன் பணிகளுள் ஒன்றாகும். அங்கன்வாடிகளில் உணவை அளந்து இடுகிறோம், சொல்லை அளப்பதில்லை. சொற்குறையோடு முதல் வகுப்பில் நுழையும் குழந்தையோ பாடம் விளங்காது வாய்மூடி அமர்ந்துவிடுகிறது.

படத்திற்கு வண்ணம் தீட்டுவதால் மட்டும் சொல் வளராது. தீட்டும்போது பேசவும் வேண்டும். கோடையில் கிடைக்கும் நுங்கையே எடுத்துக்கொள்வோம். முதலில் காயைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்கட்டும். பெரியவர் சீவும்போது அருகிருந்து காணட்டும். பனை, குலை, சுளை என்பன பெயர்கள். சீவுதல், தோண்டுதல், உறிஞ்சுதல் என்பன செயல்கள். வழுவழுப்பு, குளிர்ச்சி என்பன பண்புகள். காயொன்றில் பெரும்பாலும் மூன்று சுளைகள் இருப்பதால் எண்ணிக்கையும் உடன் வருகிறது. பின்னர் தரையில் நுங்கு வரைந்து, அடுப்புக்கரியால் தோலைத் தீட்டச் செய்யலாம். வெறுங்கூட்டில் குச்சி செருகி வண்டி உருட்டினால் முன்னே, பின்னே, வேகம் ஆகிய சொற்களும் கிட்டும்.

"இது என்ன?" என்று வினவினால் ஒரு சொல்லே விடையாக வரும். "இதை எப்படித் தின்றாய்?" என்றால் வாக்கியமே பிறக்கும். குழந்தை "நொங்கு" எனின் கடிந்து திருத்தலாகாது. "ஆம், நுங்குதான்" என்று நாம் சொன்னாற் போதும்.

அழைத்துச்செல்ல வரும் தாயிடம் அன்றைய சொற்களைப் பணியாளர் கூறினால் வீட்டிலும் அப்பேச்சு தொடரும். இதற்குத் தனிநிதி எதுவும் வேண்டுவதில்லை. குழந்தையோடு பேசும் மனமே வேண்டும்.