தொடை எங்கிருந்து எழுகிறது?

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு பாதத்தை மட்டும் மெல்லத் தூக்குங்கள். பலருக்கு முன்தொடை இறுகும், இடுப்பு ஒருபக்கம் சாயும். அடுத்த முறை மூச்சை வெளியே விட்டு, வயிறு உள்வாங்கும்போது தூக்குங்கள். கால் கொஞ்சம் லேசாகத் தெரியலாம்.

இப்பயிற்சியை வகுத்தவர் இர்ம்கார்ட் பார்ட்டெனியெஃப். 1900-இல் பெர்லினில் பிறந்த நடனக் கலைஞர். அசைவுகளைக் குறியீடுகளால் எழுதும் முறையை வகுத்த ருடால்ஃப் லாபனிடம் 1925-இல் பயின்றார். கணவர் யூத வம்சாவளியினர். ஹிட்லரின் ஜெர்மனியில் மேடை கிடைக்காது. 1936-இல் அமெரிக்கா போனார்கள். அங்கே அவர் பிசியோதெரபி படித்து, நியூயார்க்கின் வில்லர்ட் பார்க்கர் மருத்துவமனையில் போலியோ நோயாளிகளிடையே வேலைக்குச் சேர்ந்தார்.

போலியோ வைரஸ் தண்டுவடத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கிறது. தொடு உணர்வை விட்டுவிடுகிறது. ஆகவே குழந்தைக்குத் தன் கால் இருப்பது தெரியும், அசைக்கத்தான் முடியாது. அன்றைய சிகிச்சை தசை தசையாகப் பலத்தை அளந்து பயிற்சி தந்தது. பார்ட்டெனியெஃபுக்கு அது போதவில்லை. ஆடியவருக்குத் தெரியும், தனித் தசை எதையும் செய்வதில்லை என்று. கையைத் தூக்கச் சொல்வதைவிட, எட்டிப் பிடிக்க ஆசைப்படும்படி ஏதாவது இருந்தால் முதுகும் இடுப்பும் சேர்ந்தே கிளம்பும். தசையைத் தூண்டுவது, மனத்தில் ஆவலை எழுப்புவது: இரண்டும் ஒரே வேலை என்பது அவர் கட்சி.

தொடைக்கு வருவோம். அதை உயர்த்துவதில் முக்கியப் பங்கு சோவாஸ் என்ற ஆழ்தசைக்கு. கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் தொடங்கி, இடுப்புக்குள் இறங்கி, தொடையெலும்பின் உட்பக்கத்தில் முடிகிறது. முதுகையும் காலையும் நேரே கட்டும் தசை! உதரவிதானத்தின் தசைக்கால்களும் அதே கீழ்முதுகு எலும்புகளைத்தான் பற்றியிருக்கின்றன. மூச்சிலிருந்து அசைவைத் தொடங்கும்படி அவர் வற்புறுத்தியது வெறும் யோகப் பேச்சல்ல.

லாபனிடம் கற்ற இன்னொன்று, அசைவின் தன்மையைப் பிரித்துப் பார்ப்பது. குத்துவதிலும் அழுத்தித் தள்ளுவதிலும் பலமும் ஒரே இலக்கும் உண்டு. குத்து சட்டென முடியும், தள்ளுதல் நீளும். 1960-களில் நாட்டுப்பாடல் ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸுடன் சேர்ந்து, உலகின் பல சமூகங்களின் நடனப் படங்களை இப்படி அலசினார். உடம்பின் நடுப்பகுதி ஒரே கட்டையாக இயங்குகிறதா, மார்பும் இடுப்பும் தனித்தனியாகவா? கையின் பாதை நேரா, வளைவா? வேலை செய்யும் உடம்பின் பழக்கமே ஆட்டத்திலும் வருகிறது என்றார் லோமாக்ஸ். சில நிமிடப் படத்தை வைத்து ஒரு சமூகத்தையே அளக்கலாமா என்று விமர்சனம் எழுந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் ஆட்டத்தையும் அறுவடையையும் ஒரே அளவுகோலில் பார்த்த துணிச்சல் பிடிக்கிறது. 1978-இல் நியூயார்க்கில் பார்ட்டெனியெஃப் தொடங்கிய அசைவாய்வு நிறுவனத்தில் நடனக் கலைஞர்களோடு நடிகர்களும் சிகிச்சையாளர்களும் பயின்றார்கள்.