மீனுக்கு உதவும் நுண்ணுயிர்கள்

மீன் என்றவுடன் புதுச்சேரி மக்களுக்குக் கடலே நினைவுக்கு வரும். ஆயினும், நன்னீரிலும் மீன் செழித்து வளரும். நகருக்கு மேற்கே ஊசுட்டேரியும் தென்மேற்கே பாகூர் ஏரியும் மழைக்காலத்தில் பரந்து தோன்றுகின்றன. இத்தகைய ஏரிகளும் குளங்களும் உள்ள நாட்டில், மீனைப் பிடிப்பதோடு நில்லாமல் வளர்த்தும் பயன்பெறுதல் அறிவுடைமையாகும்.

குளங்களில் கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய கெண்டை மீன்களைச் சேர்த்து வளர்ப்பர். கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிரிகால் அடிநீரிலும் இரை தேடும். இவற்றிற்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து இடுவது வழக்கம். மீன் வளர்ப்போர் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே ஆகின்றது. மீன் உண்ணாததும், உண்டும் செரிக்காததும் அடியில் தங்கி அழுகும். நீரிலுள்ள உயிர்க்காற்று குறையும். அப்பொழுது விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். நோயும் எளிதிற் பற்றும். பல மாத உழைப்பு ஓரிரவில் வீணாதலும் உண்டு. நோயைத் தடுக்கக் கருதி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அளவின்றி இட்டால், நோய்க்கிருமிகள் நாளடைவில் அம்மருந்துகளை எதிர்த்து வாழக் கற்றுக்கொள்ளும்.

இவ்விடரைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, நன்மை தரும் நுண்ணுயிர்களைத் தீவனத்தில் கலந்து இடுவதாகும். இவற்றைப் புரோபயாட்டிக் என்பர். பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857-இல் விளக்கினார். பின்னர், பாரிசு நகரில் அவர் பெயரால் அமைந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மெச்னிகாப், தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் மனிதர் குடலுக்கு நலம் செய்யும் எனக் கருதினார். அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலும், தாய்மார்கள் காரணம் அறியாமலேயே நாள்தோறும் பாலுக்குப் பிரை ஊற்றி, அந்நுண்ணுயிர்களை வளர்த்து வந்தனர்! மனிதருக்கு உதவுவது மீனுக்கும் உதவுமோ என்னும் ஆராய்ச்சி பிற்காலத்தில் எழுந்தது. ஜப்பானில் கொசாசா என்பவர் 1986-இல் கடல்மீன் ஒன்றிற்குப் பாசில்லஸ் நுண்ணுயிரைத் தீவனத்தில் கலந்தளித்து, அதன் வளர்ச்சி மிகுவதைக் காட்டினார். இன்று நன்னீர் மீன்களுக்கும் இம்முறை பயன்படுகின்றது.

நுண்ணுயிர் மீனுக்கு எவ்வாறு உதவுகின்றது? குடலை அடைந்த பாசில்லஸ், மாப்பொருளையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றது. அதனால் உண்ட தீவனம் நன்கு செரித்து உடலில் ஒட்டுகின்றது. மேலும், நல்ல நுண்ணுயிர்கள் குடற்சுவரில் முன்னரே இடம்பிடித்துக்கொள்வதால், நோய்க்கிருமிகளுக்கு இடமும் உணவும் கிடைப்பது அரிதாகின்றது. லாக்டோபாசில்லஸ் புளிப்பு அமிலத்தை உண்டாக்கி அவற்றை அடக்குகின்றது.

எனினும், இஃது எல்லாக் குறைகளையும் தீர்க்கும் மாமருந்தன்று. கொதிக்கும் தீவனத்தில் கலந்தால் நுண்ணுயிர்கள் பலவும் மடியும். ஆறிய தீவனத்தில் கலந்து நிழலில் உலர்த்தி இடுதல் வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துடன் சேர்த்து இட்டாலோ, அம்மருந்து நல்லவற்றையும் அழித்துவிடும். நீர் தூய்மையாகவும் தீவனம் அளவாகவும் இருந்தால்தான் பயன் விளையும்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பழமொழி. துரும்பினும் மிகச் சிறிய நுண்ணுயிரும் உழவர்க்குத் துணையாகின்றது. பகைவரை அழிப்பது மட்டுமே காப்பன்று. நல்லோரைத் துணைக்கொள்வதும் காப்பே என்பதை இச்சிற்றுயிர்கள் நமக்கு உணர்த்துகின்றன.