கார்க் கதவில் கரகரப்பா? நீங்களே மாற்றலாம்!

மௌலா அலி போன்ற ரயில்வே வட்டாரத்தில் சம்பளக்காரர் வாங்கும் கார் பெரும்பாலும் கைமாறிய காராகத்தான் இருக்கும். என்ஜின் நன்றாக ஓடும். பாட்டுப் போட்டால்தான் கதவு கரகரவென்று இருமும். கடைக்குப் போனாலோ, பழுதானது ஒன்று, பில் நான்குக்கு!

ஹைதராபாத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெட்டவெளியில் நிற்கும் காரின் கதவுக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கு அந்தச் சூடு ஆகாது. காகிதக் கூம்பு மொரமொரத்துப் போகும். அதன் விளிம்பிலுள்ள நுரை வளையம் உதிரும். மிச்சத்தை மழைக்காலத்து ஈரம் பார்த்துக்கொள்ளும்.

முதலில் செட்டிலுள்ள பாலன்ஸ் குமிழை ஒரு பக்கமாகத் திருப்பி, எந்தக் கதவு கரகரக்கிறது என்று கண்டுகொள்ளுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இரைந்தால் கோளாறு செட்டிலேயே இருக்கக் கூடும்.

பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு உள்பலகைக்கு வரலாம். (சில செட்டுகள் பிறகு ரகசிய எண் கேட்கும், அதைக் குறித்து வைத்திருப்பது நல்லது.) கையால் சுற்றும் கண்ணாடியானால், கைப்பிடியின் பின்னே ஒரு கம்பிக் கிளிப் ஒளிந்திருக்கும். பழைய வேட்டிக் கிழிசலைக் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே விட்டு, இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தெறித்து வரும். காற்றுப்பை உள்ள புது வண்டியில் மஞ்சள் உறை போட்ட ஒயரைத் தொடவே வேண்டாம்.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சிலர் குப்பை என்று கிழித்தெறிகிறார்கள். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது அடித்துளை வழியே வெளியே போகும். தாள் இல்லாவிட்டால் அந்த நீர் வண்டிக்குள் வந்து தரைவிரிப்பை நனைக்கும். பாட்டுக்கு ஆசைப்பட்டு தரைத் தகட்டைத் துருவுக்குக் கொடுத்த கதையாகும்! எனவே பதமாக உரித்து, அப்படியே திரும்ப ஒட்டுங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றியதும், அதன் இரு முனைகளிலும் ஒரு டார்ச் செல்லை நொடிப்பொழுது தொடுங்கள். 'டப்' என்று சுத்தமாகக் கேட்டு, கூம்பிலும் கிழிசல் இல்லையென்றால், ஒயர் மீதே சந்தேகப்பட வேண்டும். கதவுக் கீலருகே உள்ள ரப்பர் குழாய்க்குள் அது மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம். அப்போது செலவு ஒரு முழ ஒயர்தான்.

ஸ்பீக்கர்தான் போயிற்று என்றால், பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ராணிகஞ்சுக்கோ கோட்டி குஜராத்தி கல்லிக்கோ போகலாம். குறுக்களவு, காந்தத்தின் ஆழம், ஓம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் போட்டால் செட் சூடேறிக் கெடும். பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட் கணக்கில் மயங்க வேண்டாம்.

ஒயரில் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. ஒரு கதவில் மட்டும் மாறினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற் போகும். பலகையை மூடுமுன் கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பாருங்கள். காந்தத்தில் இடித்தால், ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு வளையம் வைத்துத் தூக்கிக் கொடுத்த பிறகே திருகுகளை முடுக்க வேண்டும்.