மீரியபெத்தை மண்சரிவு நிலம்

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே, நீங்கள் நின்று காணும் இம்மலைச்சரிவு, பல நாள் பெய்த அடைமழையில் ஊறிக் கனத்து, 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பெயர்ந்து இறங்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயக் காம்பிராக்களையும் அவர்கள் வழிபட்ட கோவிலையும் மூடிவிட்டது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களிற் சிலருக்குப் பெற்றோர் இல்லை. மாண்டவர் பலருடைய சடலங்கள் மீட்கப்படவேயில்லை. இந்நிலமே அவர்களுக்குச் சமாதி.

இம்மலை சரியக்கூடும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அபாயத்தை எடுத்துரைத்து, மக்களை வேறிடத்தில் குடியேற்றுமாறு ஆலோசனை கூறியது. ஆனால், தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குச் சொந்தமான காம்பிராக்களில் வாழ்ந்து, கையகல நிலமும் தமதென்று இல்லாதிருந்த குடும்பங்கள், போவதற்கு ஓரிடம் தரப்படாத நிலையில், அவ்வெச்சரிக்கையை மாத்திரம் சுமந்துகொண்டு எங்ஙனம் வெளியேற முடியும்? அறிந்த அபாயத்துக்குரிய பொறுப்பு, அதைத் தடுக்கும் அதிகாரம் படைத்தோரையே சாரும். தப்பியவர்களுக்காகப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் அனர்த்தத்துக்குப் பின்னரே கட்டப்பட்டன.

மழைக்காலத்தில் தரையில் வெடிப்பையோ, சுவரில் புதிய பிளவையோ, ஊற்றில் திடீரெனக் கலங்கல் நீரையோ காணும் அன்பர்கள், உடனே அவ்விடம் விட்டு அகன்று, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கும் அறிவிக்குமாறு வேண்டுகிறோம். சரிந்த மண்ணின் மீது தயவுசெய்து நடவாதீர்கள்.